பத்தொன்பது நாளாக வராத மாணவன்: பெயரை எடுப்பதா, தேடிப் போவதா?

பனங்காட்டு டீச்சர் (மார்ச் 6, இரவு 9.40)

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில், சாயல்குடிக்கும் கடலுக்கும் இடையே ஓர் ஊரில் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர். வகுப்பில் 23 பேர். அதில் ஒரு பையன் பிப்ரவரியிலிருந்து வரவே இல்லை. இன்றோடு பத்தொன்பது வேலை நாள் ஆகிவிட்டது.

அப்பா பனையேறி. வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டால், "மரத்துக்குப் போய்விட்டார்கள், ஆடி கழித்துத்தான் வருவார்கள்" என்று, வெயில் அடிக்கிறது என்பதைப் போலச் சொல்கிறார். கைபேசி அணைந்தே இருக்கிறது.

பள்ளிக்குள் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, பெயரை எடுத்துவிடுங்கள், தலைவலி விட்டது. இரண்டாவது யோசனையைச் சொன்னவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: ஏப்ரல் வரை வருகை போட்டுக்கொண்டே போங்கள், எட்டாம் வகுப்பு வரை எப்படியும் தேர்ச்சிதானே, யார் கேட்கப் போகிறார்கள்?

எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. தினமும் காலையில் அவன் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று பதிகிறேன். அதோடு என் கடமை முடிந்துவிட்டதைப் போலச் செயலியும் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். என்ன செய்யலாம்?

அவசரக்காரன் (மார்ச் 6, இரவு 9.58)

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? பதினைந்து நாள் தொடர்ந்து வராவிட்டால் பெயரை நீக்க வேண்டியதுதான். நான் படித்த காலத்தில் அப்படித்தான். திரும்பச் சேர வேண்டுமானால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். அந்தப் பயத்திலேயே நாங்கள் காய்ச்சலோடும் போனோம்.

மூன்று பிள்ளைத் தகப்பன் (மார்ச் 6, இரவு 10.20)

அவசரக்காரரே, காய்ச்சலோடு போய் வகுப்புக்கே ஒட்டவைத்தீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எல்லா லீவையும் குற்றமாகப் பார்ப்பதை நிறுத்துங்கள். எங்கள் குலதெய்வக் கோயில் கமுதிக்கு அப்பால். மாசிக் களரித் திருவிழாவுக்கு மூன்று நாள் பிள்ளைகளைக் கூட்டிப் போவேன், யார் தடுத்தாலும். அங்கேதான் பெரியப்பா பிள்ளைகளை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். அதைப் பள்ளியில் சொல்லித்தர முடியுமா?

பழைய ஹெச்.எம். (மார்ச் 7, காலை 5.50)

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அவசரக்காரர் சொல்லும் காலம் மலையேறிவிட்டது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு முடியும் வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது. ஏழாம் வகுப்புப் பையன் பெயரை "வரவில்லை" என்பதற்காக எடுக்க உங்களுக்கும் அதிகாரம் இல்லை, உங்கள் தலைமையாசிரியருக்கும் இல்லை. வேறு பள்ளிக்குப் போகிறான் என்றால் மாற்றுச் சான்றிதழ் கொடுக்கலாம், அதுவும் உடனே கொடுக்க வேண்டும். பொய் வருகை போடச் சொன்னவரிடம், உங்கள் கையெழுத்தில் போடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். ஓடிப் போவார்.

இனி சட்டத்துக்கு வெளியே உள்ளதைப் பேசலாம். நான் 1981-இல் வேலையில் சேர்ந்தேன். தர்மபுரிப் பக்கம் ஓர் ஓராசிரியர் பள்ளி. வருகைப் பதிவேட்டில் முற்பகலுக்கு ஒரு கோடு, பிற்பகலுக்கு ஒரு கோடு. வராதவனுக்குச் சிவப்பு மையில் ஓர் எழுத்து. அந்தச் சிவப்பு எழுத்து எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். அம்மை போட்டவனுக்கும் அதே, ஆடு மேய்த்தவனுக்கும் அதே, சட்டை கிழிந்ததால் வெட்கப்பட்டு வராதவனுக்கும் அதே. இரண்டு வருடம் கழித்துத்தான் புத்தி வந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். இடப்பக்கம் பெயரும் தேதியும், வலப்பக்கம் "ஏன்" என்று ஒரு பத்தி. அவ்வளவுதான். மூன்றாம் நாளுக்குள் அந்த வலப்பக்கத்தை நிரப்பியாக வேண்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன்.

நிரப்பியபோது தெரிந்த சங்கதிகள்: ஒரு பெண் ஒவ்வொரு செவ்வாயும் வரமாட்டாள். சோம்பேறி என்று நினைத்திருந்தேன். செவ்வாய் சந்தை நாள். அம்மா கூடை தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போவாள், கைக்குழந்தையை இவள் இடுப்பில் வைத்துக்கொள்வாள். பிறகு செவ்வாய்தோறும் அந்தக் குழந்தையும் எங்கள் பள்ளிக்கு வந்தது. திண்ணையில் ஒரு சாக்கை விரித்துப் படுக்கவைத்தோம். பாடத்துக்கு நடுவே அழும். ஆய்வுக்கு வந்த அதிகாரி, "இது எந்த வகுப்பு?" என்று கேட்டார். "பாலர் வகுப்பு, செவ்வாய் மட்டும்" என்றேன். நல்லவேளை, சிரித்துவிட்டார்.

பிற்பகல் கதை தனி. மதிய உணவு காமராஜர் காலத்திலிருந்தே உண்டு. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது எட்டவில்லை. மணி அடித்ததும் வீட்டுக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. வீட்டில் கூழ் இருந்தால் குடித்துவிட்டு வருவான், இல்லாவிட்டால் எந்தக் காட்டிலாவது சுற்றுவான். 1982 ஜூலை 1-இல் சத்துணவு தொடங்கிய பிறகு என் பதிவேட்டில் பிற்பகல் கோடுகள் நிறைந்ததை என் கண்ணால் பார்த்தேன். யாரும் எனக்குப் புள்ளிவிவரம் காட்ட வேண்டாம்.

ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பத்து நாள் கழித்து வந்த ஒரு பையனை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தேன், மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று. முற்பகல் முழுக்க நின்றான். மறுநாள் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. நோட்டில் அவன் பெயருக்கு நேரே வலப்பக்கத்தில் என் பெயரைத்தான் எழுத வேண்டும்.

டீச்சர், பையன் எந்தக் காட்டில் இருக்கிறான் என்று முதலில் கண்டுபிடியுங்கள். பெரியவர்களிடம் கேட்காதீர்கள். அவன் பக்கத்தில் உட்காரும் பையனிடம் கேளுங்கள்.

கைமடி (மார்ச் 7, மதியம் 1.15)

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. கைமடியாக, அதாவது தைப்பவருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன், இப்போது தையல் மிஷின்.

2023 மார்ச் 13 அன்று பிளஸ் 2 தமிழ்த் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை என்று செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? அதில் நானும் ஒருவன். தொலைக்காட்சியில் ஆளாளுக்கு அதிர்ச்சி அடைந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அதிர்ச்சியாகவே இல்லை. நான் பள்ளியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. என் பெயர் மட்டும் அங்கே படித்துக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். கொரோனா ஆண்டில் பத்தாம் வகுப்பு, தேர்வே இல்லாமல் தேர்ச்சி. பதினொன்றில் ஒன்றும் புரியவில்லை, எப்படியோ தேறினேன். பன்னிரண்டில் ஆயுத பூஜை விடுமுறைக்கு மாமாவிடம் திருப்பூர் வந்தேன். ஒரு வாரம் பிசிறு வெட்டினேன், கையில் காசு வந்தது. இன்னும் ஒரு வாரம் இருந்தேன். வகுப்பாசிரியர் இரண்டு முறை அழைத்தார். நான் எடுக்கவில்லை. அவர் மேல் கோபம் ஒன்றும் கிடையாது, மிக நல்ல மனிதர். முதல் வாரம் என்றால் வயிற்று வலி என்று சொல்லித் திரும்பிவிடலாம். மூன்று வாரம் ஆனபின் எந்த வலியைச் சொல்வது? வகுப்பில் நாற்பது பேர் முன்னால் "ஏன் வரவில்லை?" என்று கேட்பாரே, அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் போகவில்லை. வறுமை, குடும்பச் சூழல் என்றெல்லாம் எழுதுகிறார்கள். என் வீட்டில் அவ்வளவு வறுமை இல்லை.

பிறகு தனித்தேர்வராக எழுதித் தேறினேன், இரண்டு வருடம் வீணாகி. அந்தப் பையன் திரும்பி வந்தால் தயவுசெய்து அந்தக் கேள்வியை எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள், டீச்சர்.

கணக்கு டீச்சர் (மார்ச் 7, மாலை 6.05)

விழுப்புரம் மாவட்டம், அரசு உயர்நிலைப் பள்ளி. தம்பி கைமடி எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் ஆசிரியர் அறையில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

நான் கணக்குக்காரி, கணக்காகவே சொல்கிறேன். ஆண்டுக்கு 210 வேலை நாள் என்று வையுங்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் வராத பிள்ளையை நாம் "ஒழுங்காக வருகிற பிள்ளை" என்றுதான் சொல்வோம். வருடத்துக்கு நாற்பது நாள் போயிற்று. ஒன்றிலிருந்து பத்து வரை இப்படியே போனால் 400 நாள். கிட்டத்தட்ட இரண்டு முழுக் கல்வியாண்டு. பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவன் உண்மையில் எட்டு வருடம் படித்தவன்.

அடுத்தது சராசரி. "வகுப்பு வருகை 92 சதவீதம்" என்று எழுதி அனுப்பி மகிழ்ச்சி அடைவோம். மீதி 8 சதவீதம் எல்லார் மேலும் பூத்தூவலாக விழுகிறதா? அதே நான்கைந்து பேர் தலையில்தான் மொத்தமாக விழுகிறது.

ஆறாம் வகுப்பில் ஒரு பெண் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதினாள். மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டியிருக்கிறாள். மூன்று முறை சொல்லிக் கொடுத்தும் அதே விடை. பழைய பதிவேட்டைப் புரட்டினேன். மீச்சிறு பொது மடங்கு நடத்திய வாரம் முழுக்க அவள் இல்லை, அக்கா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்திருக்கிறாள். அந்த ஒரு வாரத்தை ஒரு மாலையில் உட்கார்ந்து நடத்தினேன். கண்ணைச் சுருக்கி, "ஐந்தில் இரண்டு அரையைவிடச் சின்னதாயிற்றே, கூட்டினால் எப்படிக் குறையும்?" என்று அவளே கேட்டாள்.

இன்னொன்று, ஆண்கள் இங்கே நிறைய இருப்பதால் சொல்லியே ஆகவேண்டும். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பெண்களின் பதிவேட்டை மாதவாரியாக நீளத்தில் பாருங்கள். மாதம் மூன்று நாள், ஏறக்குறைய அதே இடைவெளியில். விடுப்புக் கடிதத்தில் "காய்ச்சல்" என்று இருக்கும், எல்லாருக்கும் ஒரே காய்ச்சல். எங்கள் பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பழுதான மாதம் அந்த மூன்று நாள் ஐந்து நாளாயிற்று. மோட்டார் சரியானதும் மூன்றாயிற்று. குப்பைத் தொட்டிக்கு மூடி போட்டு, உள்ளே தாழ்ப்பாள் மாட்டியதும் சிலருக்கு ஒன்றாயிற்று. அறிவுரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, தாழ்ப்பாள்தான் மாட்டினோம்.

ஈஸ்ட் ஹாம்காரன் (மார்ச் 7, இரவு 11.30)

லண்டனிலிருந்து எழுதுகிறேன். இங்கே இதற்கு விலைப்பட்டியலே உண்டு. அனுமதி இல்லாமல் ஐந்து நாள் வராவிட்டால் (காலை, மாலை என்று பத்து வேளையாக எண்ணுவார்கள்) அபராதம். 2024 ஆகஸ்ட் முதல் 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. அதுவும் ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். தங்கை கல்யாணத்துக்குத் தை மாதம் ஊருக்குப் போய் ஏழு பள்ளி நாள் போயிற்று. நான்கு நோட்டீஸ், 320 பவுண்டு.

கட்டினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளி விடுமுறையில் போயிருந்தால் விமான டிக்கெட் அதைவிட அதிகம் கூடியிருக்கும். இங்கே பல வீடுகளில் அபராதத்தையும் டிக்கெட்டோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். பயம் போய்க் கட்டணம் ஆகிவிட்டது. நம் ஊரிலும் அபராதம் போட வேண்டும் என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன் சொல்லி வைக்கிறேன்.

அவசரக்காரன் (மார்ச் 8, காலை 8.10)

ஆரம்பிக்கத்தான் போகிறேன். கொஞ்சமாவது பயம் வேண்டும். பெற்றோருக்குப் பொறுப்பே இல்லையா?

பழைய ஹெச்.எம். (மார்ச் 8, காலை 8.35)

இருக்கிறது. பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் தவறினால் தண்டனை என்று எழுதவில்லை, எழுதாதது நல்லது. பனையேறிக்கு எண்பது பவுண்டு போட்டால் எதை விற்றுக் கட்டுவார்? மரம் அவருடையதுகூட இல்லை, குத்தகை.

மயிலாப்பூர் அம்மா (மார்ச் 8, காலை 11.00)

இந்த இழையில் எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. என் மகன் சிபிஎஸ்இ பிளஸ் 2. அங்கே தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்று விதி. அவன் வகுப்பில் பாதிப் பேர் காலையில் பயிற்சி மையத்தில் இருக்கிறார்கள். "டம்மி" சேர்க்கை என்றே அதற்குப் பெயர், பணம் கட்டியே வராமல் இருக்கிறார்கள். அவர்களை யாரும் "இடைநின்றவர்கள்" என்று சொல்வதில்லை. பூட்டிய வீட்டுக்கு முன்னால் ஒரு டீச்சர் நிற்பதைப் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது, அவ்வளவுதான்.

பனங்காட்டு டீச்சர் (மார்ச் 9, இரவு 8.20)

ஹெச்.எம். ஐயா சொன்னபடி அவன் பக்கத்தில் உட்காரும் பையனைக் கேட்டேன். ஒரு நொடியில் சொல்லிவிட்டான், எந்த ஊர், எந்தக் கோயில் தாண்டி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது வரைக்கும். பத்தொன்பது நாளாக இவனை நான் கேட்கவே இல்லை.

நேற்று சனிக்கிழமை. கணவரின் வண்டியில் போனோம், தூத்துக்குடி மாவட்ட எல்லை தாண்டி. மணல் தேரி, அதற்குள் பனங்காடு, நடுவில் விடிலி. பார்க்காதவர்களுக்காக: விடிலி என்பது பனையோலையால் வேய்ந்த தாழ்ந்த குடிசை. உள்ளே பெரிய அடுப்பு. பதநீரை அங்கேதான் காய்ச்சுவார்கள். குனிந்துதான் நுழைய வேண்டும், நுழைந்தால் கண் எரியும். அப்பா விடியற்காலையிலும் மாலையிலுமாக ஒவ்வொரு மரமும் இரண்டு முறை ஏறிப் பாளை சீவுகிறார். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவ வேண்டும், அது அம்மா வேலை. நெருப்பு அணையாமல் உடைமுள்ளும் காய்ந்த ஓலையும் போட்டுக்கொண்டே இருப்பது என் மாணவன் வேலை.

என்னைப் பார்த்ததும் விறகுக் கட்டைப் போட்டுவிட்டு ஓலைக் குவியலுக்குப் பின்னால் போய்விட்டான். நான் கூப்பிடவில்லை. (தம்பி கைமடி, உங்களுக்கு நன்றி.) அவன் அம்மாவோடு பேசிக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். பாகு பதம் வந்ததும் அம்மா சிரட்டைகளில் ஊற்றினார். எத்தனை சிரட்டை என்று அவர் என்னிடம் பேசும் சுவாரசியத்தில் விட்டுவிட, ஓலைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது: "நாற்பத்தாறு."

பிறகு அவனே ஒரு நோட்டை எடுத்து வந்து காட்டினான். முன்பக்கம் நான் நடத்திய இயற்கணிதம். பின்பக்கத்திலிருந்து வியாபாரிக் கணக்கு: வாங்கிய முன்பணம், கொடுத்த கருப்பட்டி, கழிந்தது, மீதி. சிக்கலே அந்த முன்பணம்தான். ஐப்பசி, கார்த்திகையில் வேலை இல்லாத நாளில் வாங்கிச் சாப்பிட்டாயிற்று. பருவம் தொடங்கியதும் காய்ச்சிக் கழித்தாக வேண்டும். பையனை ஊரில் விட்டுவரப் பாட்டியும் இப்போது இல்லை.

அம்மா சொன்னது: "ஏப்ரலில் எப்படியும் பாஸ் போட்டுவிடுவீர்களே டீச்சர், அதற்குள் நெருப்புக்கு ஓர் ஆள் ஆயிற்று." எனக்குப் பதில் வரவில்லை. பாஸ் போடத்தானே போகிறோம்.

கிளம்பும்போது ஒன்றைக் கவனித்தேன். விடிலியின் நடுக்கம்பில் அவனுடைய சீருடைச் சட்டை மடிப்புக் கலையாமல் தொங்கியது, புகைபடாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் பை போட்டு. இந்தக் காட்டுக்கு அதை எதற்கு எடுத்து வந்தான் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

கணக்கு டீச்சர் (மார்ச் 9, இரவு 8.45)

நாற்பத்தாறு! அவனை என் வகுப்புக்கு அனுப்பிவிடுங்கள்.

அங்கிருந்து பக்கத்துப் பள்ளி எவ்வளவு தூரம்?

பனங்காட்டு டீச்சர் (மார்ச் 9, இரவு 8.52)

இரண்டு கிலோமீட்டருக்குள் ஒரு நடுநிலைப் பள்ளி இருக்கிறது. மாவட்டம்தான் வேறு.

அவசரக்காரன் (மார்ச் 9, இரவு 9.30)

நான் ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பள்ளிக்கு மாற்றிவிட உங்கள் பள்ளி ஏன் இவ்வளவு நாள் முயலவில்லை? எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்லவா? ஆகஸ்ட் 1 அன்று எத்தனை பிள்ளைகளோ அதை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம். தலை குறைந்தால் ஓர் ஆசிரியர் உபரி. வராதவன் பெயரைக் கட்டிக்கொண்டு அழுவதெல்லாம் பாசத்தில் இல்லை.

நெறியாளர் (மார்ச் 9, இரவு 9.41)

கேள்வி நியாயமானது, கடைசி வரியின் தொனி நியாயமாக இல்லை. பள்ளியின் பெயரையோ ஊரையோ யாரும் ஊகித்து எழுத வேண்டாம்.

பனங்காட்டு டீச்சர் (மார்ச் 9, இரவு 10.15)

கோபம் இல்லை. பொய் என்றும் சொல்லமாட்டேன். எங்கள் பள்ளியில் மொத்தம் நூறைத் தொடாத எண்ணிக்கை. ஒவ்வொரு தலையையும் எண்ணித்தான் வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கு என் மனதிலும் ஓடியது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பழைய ஹெச்.எம். (மார்ச் 10, காலை 6.00)

அவசரக்காரர் இந்த முறை சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். இன்னும் ஒரு படி மேலே போய்ப் பாருங்கள். ஆகஸ்ட் 1 என்பது ஆடி மாத நடு. பனையேறிக் குடும்பங்கள் அப்போதும் காட்டில்தான் இருக்கும். பிள்ளைகளை எங்கே எண்ணுவது? சொந்த ஊர்ப் பள்ளி எண்ணினால் பொய். காட்டுப் பக்கத்துப் பள்ளி எண்ணினால், ஆவணியில் அவர்கள் கிளம்பியதும் அது பொய். இந்த நாட்காட்டியைப் போட்டவர் பனைமரத்தை அண்ணாந்து பார்த்திருக்கமாட்டார். விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு வெட்டப் போகும் குடும்பங்களுக்கும் இதே கதைதான், மாதம் மட்டும் மாறும்.

செய்ய வேண்டியது: இரண்டு தலைமையாசிரியர்களும் நேரில் பேசட்டும், தொலைபேசியில் வேண்டாம். முறைப்படி மாறுதல் வேண்டுமானால் பையனின் விவரத்தைக் கல்வித் தகவல் மேலாண்மை இணையதளத்தில் பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால் அந்தப் பள்ளி எடுத்துக்கொள்ளும். சான்றிதழ் வரத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது. ஆவணியில் இதே வழியில் திரும்பி வரட்டும். யாராவது இழுத்தடித்தால் 14417-க்கு அழையுங்கள், கல்வித் துறையின் உதவி எண். ஆனால் முதலிலேயே அதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்காதீர்கள், கதவு சாத்திக்கொள்ளும்.

காலை வேளைக்கு என்ன ஏற்பாடு? காய்ச்சும் நேரத்தோடு மோதுமே?

பனங்காட்டு டீச்சர் (மார்ச் 10, மாலை 5.30)

மோதுகிறது. காலைப் பதநீர் இறங்கி அடுப்பேறும்போது பள்ளி மணி அடிக்கிறது. அவன் தங்கை இரண்டாம் வகுப்பு, அவளையும் இதே பள்ளியில் சேர்த்தால் காலை உணவு அங்கேயே கிடைக்கும், அம்மாவுக்குக் காலைச் சமையலில் பாதி குறையும். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது, ஆனால் ஐந்தாம் வகுப்பு வரைதான். எங்கள் நடுநிலைப் பள்ளிகளில் அது ஒரு தினசரிக் காட்சி: தங்கை உப்புமா சாப்பிடுவாள், ஆறாம் வகுப்புக்குப் போய்விட்ட அண்ணன் தூணில் சாய்ந்துகொண்டு தனக்குப் பசி இல்லாததைப் போல நிற்பான். மிச்சம் இருந்தால் சமைக்கும் அக்கா கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார். எந்தப் பதிவேட்டிலும் அது ஏறாது.

நாளை மறுநாள் எங்கள் தலைமையாசிரியரும் நானும் போகிறோம்.

மூன்று பிள்ளைத் தகப்பன் (மார்ச் 10, இரவு 9.00)

முதலில் வீம்பாக எழுதியவன் நான். களரிக்கு மூன்று நாள் கூட்டிப் போவேன் என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் போகிறேன் என்று வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொன்னது கிடையாது. திரும்பி வந்து "காய்ச்சல்" என்று பிள்ளையின் கையாலேயே எழுதவைத்தேன். அதை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.

பனங்காட்டு டீச்சர் (மார்ச் 21, இரவு 7.45)

தாமதத்துக்கு மன்னிக்கவும். இருவரும் அங்கே சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் நாங்கள் முடிப்பதற்குள், "எங்களுக்குப் பழக்கம்தான், வருடா வருடம் ஏழெட்டுப் பேர் வருவார்கள்" என்றார். வராமல் காட்டிலேயே இருந்துவிடுபவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, தேநீர் வரவழைத்தார்.

அப்பாவோடு ஓர் உடன்பாடு: காலை அடுப்பை அம்மா பார்த்துக்கொள்வார், விறகு முந்தின மாலையே அடுக்கி வைத்துவிட வேண்டும். மாலையில் பதநீர் காய்ச்சப் பையன். இது அவன் படிப்புக்கு நல்லதா என்றால் இல்லை. இதற்கு மேல் அந்த முன்பணம் விடவில்லை.

இன்று காலை பத்து மணிக்கு அந்தத் தலைமையாசிரியர் எனக்கு அழைத்தார். "உங்கள் பையன் இன்று வரவில்லை" என்றார். இனி அவன் உங்கள் பையன் அல்லவா என்று நான் சொல்லவில்லை. உடனே அப்பா கொடுத்திருந்த பக்கத்து விடிலிக்காரர் எண்ணுக்கு அழைத்தேன். கலயம் உடைந்து காலில் வெட்டு, ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். திங்களன்று வருவான் என்றார்கள்.

கைமடி (மார்ச் 21, இரவு 8.10)

திங்களன்று வந்தானா என்று மறக்காமல் எழுதுங்கள் டீச்சர்.

பனங்காட்டு டீச்சர் (மார்ச் 24, மாலை 5.05)

வந்தான். பிற்பகல்தான். அரை நாள் போட்டிருக்கிறார்கள்.